மறு: ஸெனியாவுக்கு தமிழ்ல என்ன போடலாம்? விருந்தோம்பல் ஏன் சரிவராது

வணக்கம் எல்லாருக்கும்,

ரெண்டு நாளா இழை நீண்டுகிட்டே போகுது, இன்னைக்குத்தான் உக்காந்து முழுசா படிச்சேன். டிராய் போரைப் பாடுற ஹோமரோட கிரேக்கக் காப்பியம் இலியட், அதோட பின்னணி பத்தி எழுதுற கட்டுரைக்கு ஸெனியாங்கிற கிரேக்கச் சொல்லுக்கு (வீட்டுக்காரனும் விருந்தாளியும் ஒருத்தருக்கொருத்தர் நடந்துக்க வேண்டிய முறை, அதுல வர்ற உறவு) தமிழ் கேட்டிருந்தேன், அதுக்கு இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல. ஒவ்வொண்ணா வர்றேன்.

> விருந்தோம்பல்னு வள்ளுவரே ஒரு அதிகாரம் வச்சிருக்கும்போது புதுசா எதுக்கு?

ஐயா, நானும் முதல்ல அதைத்தான் போட்டேன். "பாரிஸ் விருந்தோம்பலை மீறினான், அதனால் போர் மூண்டது"ன்னு எழுதி அண்ணன் மககிட்ட படிக்கக் குடுத்தேன், பிளஸ் டூ படிக்கிறா. படிச்சிட்டு அவ கேட்டது: "ஏன் சித்தப்பா, வீட்டுக்கு வந்தவங்களுக்கு பாரிஸ் சோறு போடலையா?"

அவ்வளவுதான், என் வாக்கியம் காலி. கதைப்படி வீட்டுக்காரன் ஸ்பார்ட்டா ராஜா மெனலாவுஸ், போய் சாப்பிட்டவன் டிராய் இளவரசன் பாரிஸ். நம்ம மொழியில விருந்தோம்பல்னா அது வீட்டுக்காரன் பண்றது. அந்த அதிகாரத்துல பத்து குறளும் வீட்டுக்காரனைப் பாத்துத்தான் பேசுது, முகம் கோணாதே, பகிர்ந்து சாப்பிடுன்னு. சாப்பிட வந்தவன் ஒழுங்கா நடந்துக்கணும்னு ஒரு வரி கூட அதுல கிடையாது. ஸெனியாவுல அது இருக்கு, இந்தக் கதையோட உயிரே அங்கதான் இருக்கு.

போருக்கு காரணம்னா எல்லாரும் ஆப்பிள் பரிசுக்காக மூணு தேவியர் போட்ட அழகுப்போட்டின்னுதான் ஆரம்பிப்பாங்க. ஆனா இலியட்ல அந்த ஆப்பிளே கிடையாது, அந்தப் போட்டியில பாரிஸ் தீர்ப்பு சொன்னது பத்தி கடைசி 24ஆம் காண்டத்துல போற போக்குல சில வரி, அவ்வளவுதான். முன்கதையை விரிவா சொன்ன சைப்ரியாங்கிற காப்பியம் தொலைஞ்சு போச்சு, கதைச்சுருக்கமும் கொஞ்சம் துண்டு வரிகளும்தான் மிச்சம். அந்தச் சுருக்கத்துல ஒரு இடம் வரும் பாருங்க, மெனலாவுஸ் கிரீட் தீவுக்குக் கிளம்பும்போது தன் மனைவி ஹெலன்கிட்ட, விருந்தாளிங்க கிளம்புற வரைக்கும் வேண்டியதைக் கவனிச்சுக்கோன்னு சொல்லிட்டு கப்பலேறுறான். அந்த ஆளு ஊர்ல இல்லாத நேரம் பாத்து வீட்டுச் சொத்தையும் அள்ளிகிட்டு ராத்திரியோட ராத்திரியா ஹெலனோட கிளம்பிடுறான் பாரிஸ். உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு நம்ம ஊர்ல சொல்றது அச்சு அசலா இதுதான்.

இலியட்லயும் மெனலாவுஸ் இதைத்தான் திரும்பத் திரும்பக் கத்துறான். 3ஆம் காண்டத்துல பாரிஸோட ஒத்தைக்கு ஒத்தை சண்டை போடறதுக்கு முன்னாடி தேவர்களோட ராஜா ஜீயூஸ்கிட்ட வேண்டிக்கிறது, இனிமே பொறக்கப் போறவன் கூட சோறு போட்ட வீட்டுக்காரனுக்கு கெடுதல் பண்ண நடுங்கணும்னு. 13ஆம் காண்டத்துல டிராய்க்காரங்களைப் பாத்து, ஸெனியாவைக் காக்குற ஜீயூஸுக்கு நீங்க பயப்படலயே, அவர் உங்க ஊரை அழிக்கத்தான் போறாருன்னு சாபம் மாதிரி சொல்றான். இன்னொண்ணு, சமாதானப் பேச்சு வர்ற இடத்துலெல்லாம் ஹெலன் மட்டும் இல்ல, ஹெலனும் பொருளும்னுதான் வரும். 7ஆம் காண்டத்துல பாரிஸ் பொருளை வேணா திருப்பித் தர்றேன், மேல கொஞ்சம் சேத்தும் தர்றேன், அவளை மட்டும் தரமாட்டேன்னு பேரம் பேசுறான், என்ன தைரியம் பாருங்க.

> செஞ்சோற்றுக்கடன்?

தம்பி, நல்லா யோசிச்சிருக்கீங்க, சாப்பிட்டவன் பக்கத்துலருந்து பேசுற சொல்லு, நானும் ஒரு மணி நேரம் இதுலயே கிடந்தேன். ஆனா அது மேல கீழ உறவு, கர்ணன் துரியோதனனுக்குப் பட்ட கடன். ஸெனியா சரிக்குச் சரி. 6ஆம் காண்டத்தைப் பாருங்க, கிரேக்கன் டயோமீடிஸும் டிராய் பக்கம் நின்ன லைசியாக்காரன் கிளாக்கஸும் களத்துக்கு நடுவுல நேருக்கு நேர் வர்றாங்க. நீ யாருப்பான்னு டயோமீடிஸ் கேக்க, கிளாக்கஸ் தன் தாத்தா பெல்லரோஃபோன் கதையை சாவகாசமா சொல்றான். (அதுக்குள்ளயே ஒரு விருந்து இருக்கு. லைசியா ராஜா அந்தத் தாத்தாவுக்கு ஒன்பது நாள் ஒன்பது மாடு வெட்டிப் போட்டுட்டு பத்தாம் நாள்தான் எங்க நீ கொண்டு வந்த ஓலைன்னு கேக்குறாரு. வாங்கிப் பாத்தா, கொண்டு வந்தவனைத் தீத்துடுங்கிற ஓலை!) கதையைக் கேட்டதும் டயோமீடிஸ் ஈட்டியை மண்ணுல குத்திட்டு சந்தோஷப்படுறான். அட, எங்க தாத்தா ஒய்னியுஸ் உங்க தாத்தாவை இருபது நாள் வீட்டுல வச்சிருந்தாருப்பா, எங்காளு சிவப்பு இடுப்புப்பட்டை குடுத்தாரு, உங்காளு ரெண்டு பிடி வச்ச தங்கக் கிண்ணம் குடுத்தாரு, நான் கிளம்பி வரும்போது கூட அது வீட்டுலதான் இருந்துச்சு. எங்க ஊர் ஆர்கோஸுக்கு நீ வந்தா நான் வீட்டுக்காரன், லைசியாவுக்கு நான் வந்தா நீ வீட்டுக்காரன். எனக்குக் கொல்ல வேற டிராய்க்காரங்க நிறைய இருக்காங்க, உனக்கும் கிரேக்கங்க நிறைய, நாம ரெண்டு பேரும் வேண்டாம்.

தேரை விட்டுக் குதிச்சு கை குடுத்து கவசத்தையும் மாத்திக்கிறாங்க. கிளாக்கஸ் குடுத்தது தங்கம், நூறு மாடு பெறும், வாங்கினது வெண்கலம், ஒன்பது மாடு. ஜீயூஸ் அவன் புத்தியைப் புடுங்கிட்டாருன்னு ஹோமரே நக்கலடிக்கிறார். இதுல யாரும் யாருக்கும் கடன்படல, சாப்பிட்டதும் இவங்க இல்ல, தாத்தாவுங்க. ஆனா அந்த உறவு பேரன்களைக் கட்டுது. அதனால கடன்னு போட்டா தப்பாயிரும்.

> விருந்துறவு. சின்னதா அழகா இருக்கே

அக்கா, எனக்கும் ரொம்பப் பிடிச்சுது, உறவுங்கிறதுல பரம்பரையும் வந்துருது. ஆனா அச்சுல போட்டுப் பாத்தேன், விருந் + துறவுன்னுதான் கண்ணு பிரிக்குது. விருந்தைத் துறந்த சாமியார் ஞாபகம் வருது, மன்னிக்கணும்.

நட்புன்னு முடியுறதும் பொருந்தல, நட்பு நாமளா தேடிக்கிறது. கிளாக்கஸும் டயோமீடிஸும் அன்னைக்குத்தான் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கிறாங்க.

என் பரிந்துரை விருந்துக்கேண்மை. கேண்மை பொறந்த கேள்னா நண்பன், சொந்தக்காரன் ரெண்டும்தான், யாவரும் கேளிர்ல வர்ற அதே கேள். முன்பாதி இன்னும் நல்லா பொருந்துது. கிரேக்கத்துல ஸெனோஸ்னா வேத்தாள், விருந்தாளி ரெண்டுக்கும் ஒரே சொல்லு. நம்ம விருந்துக்கும் பழைய பொருள் புதுசுங்கிறது, தொல்காப்பியமே "விருந்தே தானும் புதுவது கிளந்த யாப்பின் மேற்றே"ங்குது, அப்புறம்தான் புதுசா வந்த ஆளு, அதுக்கும் அப்புறம் அந்த ஆளுக்குப் போடுற சாப்பாடு. இன்னைக்கு நமக்கு பிரியாணி மட்டும்தான் ஞாபகம் வருதுங்கிறது வேற விஷயம்.

இடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஸெனோஸ்ங்கிறதை வீட்டுக்காரனும் விருந்தாளியைச் சொல்லலாம், விருந்தாளியும் வீட்டுக்காரனைச் சொல்லலாம். நம்ம சம்பந்தி மாதிரி, பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் மாத்தி மாத்தி ஒரே சொல்லுல கூப்பிட்டுக்கிறோமே, அப்படி. அந்த ஆளுக்கு என்ன போடறது? விருந்துக்கேள்னா எதையோ கேக்கச் சொல்ற மாதிரி இருக்கு. விருந்துக்கேள்வன்?

அன்புடன்.

---

மறு:

தம்பி, கேண்மை எனக்கு சம்மதம், அண்ணன் மகள் கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, வள்ளுவரை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா கேள்வன் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய பாட்டுல கேள்வன்னா பெரும்பாலும் புருஷன். ஹெலன் கதையில போய் பாரிஸை கேள்வன்னு எழுதினா நீங்களே தாலி எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும்.

கேளிர்னே வையுங்க. பன்மைதான், ஆனா ஒருத்தரை மரியாதையா அவர்னு சொல்றதில்லையா, அது மாதிரி ஓடிரும். "கிளாக்கஸ் டயோமீடிஸின் விருந்துக்கேளிர்", நல்லாத்தான் இருக்கு. பின்னாடி பிராக்ஸெனோஸ் வரும், இன்னொரு ஊர்க்காரங்களைத் தன் ஊர்ல கவனிச்சுக்கிற ஆளு, இன்னைக்கும் கிரேக்கத்துல தூதரக கான்சலுக்கு அதுதான் பேரு. அதுக்கு இதுலருந்தே எதாவது கிளைக்குதான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாமே.

---

மறு: மறு:

ஒரு சின்ன விஷயம். மீறினான்னு எழுதியிருக்கீங்க, மீறுறது விதியை, கேண்மையை முறிக்கத்தான் முடியும். சொல்லை மாத்தினா வினையையும் மாத்தணும். துறவு விஷயத்துல கோவமில்ல, சொன்னப்புறம் எனக்கும் அப்படித்தான் தெரியுது.

---

மறு: மறு: மறு:

ஐயா, கேள்வன் பொருள் எனக்கு சுத்தமா ஞாபகம் வரல, காப்பாத்தினீங்க. கேளிர் போட்டுட்டேன். பிராக்ஸெனோஸுக்கு ஊர்க்கேளிர்னு தற்காலிகமா வச்சிருக்கேன், யாராவது உதைச்சுப் பாருங்க, உடைஞ்சா வேற தேடலாம்.

அக்கா, முறித்தான்தான் சரி. இப்போ வாக்கியம்: "மெனலாவுஸின் வீட்டில் விருந்துண்ட பாரிஸ், அவனுடைய மனைவியையும் செல்வத்தையும் கொண்டுபோய் விருந்துக்கேண்மையை முறித்தான்." மறுபடி அண்ணன் மககிட்டயே குடுத்தேன். சோறு பத்தி கேக்கல. கொண்டுபோய்னா தூக்கிட்டுப் போனானா, இல்ல ஹெலனா கூடப் போனாளான்னு கேக்குறா. கிரேக்கங்களே இதுல ஒரு முடிவுக்கு வரல, அதுக்கு வேற இழை தொடங்குறேன்.