ஸ்கோர் எல்லா இடத்திலும் சரியாக வருகிறது, கிரிக்கெட் செய்தி மட்டும் ஏன் இப்படி?

நைட்வாட்ச்மேன்:

கிரிக்கெட் செய்திக்கு எந்தத் தளத்தைப் படிக்கிறீர்கள் என்று கேட்கத்தான் ஆரம்பித்தேன், எழுத எழுதக் கேள்வி பெரிதாகிவிட்டது. ஸ்கோர் பார்ப்பதில் எனக்குச் சிக்கலே இல்லை. கிரிக்இன்ஃபோ, கிரிக்பஸ், கூகுளில் தேடினாலே வருகிற ஸ்கோர் கட்டம், எதைத் திறந்தாலும் அதே ரன், அதே ஓவர். அதே போனில் செய்தி என்று வருவதைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒரு வீரர் ஓய்வு பெறப் போகிறார் என்று காலையில் வருகிறது, மத்தியானம் அவர்தான் அடுத்த கேப்டன் என்று வருகிறது, இரண்டுக்கும் ஆதாரம் "நெருங்கிய வட்டாரங்கள்". முன்னாள் வீரர் ஒருவர் இன்னொருவரைக் கண்டபடி பேசியதாக மேற்கோள் குறியோடு ஒரு படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. தேடிப் பார்த்தேன். ஏகப்பட்ட தளங்களில் அதே வாசகம் இருக்கிறது, ஆனால் எங்கே சொன்னார், யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார் என்று ஒன்றில்கூட இல்லை.

என் தங்கை மகன் பள்ளி அணியில் ஆடுகிறான், போனில் வருவதையெல்லாம் படிக்கிறான். "இத்தனை இடத்தில் வந்திருக்கே மாமா, எப்படிப் பொய்யா இருக்கும்?" என்று கேட்டான். எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஸ்கோரில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் செய்தியில் ஏன் இப்படி இருக்கிறார்கள்? படிக்கிறவன் எதை வைத்துத் தரம் பிரிப்பது?

ஜே_ஸ்டாண்ட்:

ஸ்கோர் சரியாக இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிரிக்இன்ஃபோ 1993-இல் தொடங்கியது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியில் இருந்த சைமன் கிங் என்கிற ஆங்கிலேயர் தொடங்கி வைத்தார். அப்போது அமெரிக்காவில் படிக்கப் போன நம் ஆட்களுக்கும் இலங்கை, பாகிஸ்தான் மாணவர்களுக்கும் ஒரு டெஸ்ட் மேட்ச் ஸ்கோர் தெரிய வழியே இல்லை. டிவியோ ரேடியோவோ கையில் இருக்கிற ஒருவர் ஐஆர்சி என்கிற இணைய அரட்டை அறையில் பந்துக்குப் பந்து தட்டச்சு செய்வார், மற்றவர்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படிப்பார்கள். சம்பளம் கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒருவர் தப்பாக அடித்தால் இன்னொருவர் உடனே திருத்துவார். அந்தத் தன்னார்வலர்களில் ஒருவர் நம்மூர் பத்ரி சேஷாத்ரி, பிற்பாடு கிழக்கு பதிப்பகம் தொடங்கினாரே அவரேதான். இன்றைக்கு நாம் சர்வசாதாரணமாகப் படிக்கிற, எழுத்தில் வருகிற பால்-பை-பால் கமெண்டரி அந்த அறைகளில் பிறந்தது. எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது, கிரிக்கெட் ரசிகர்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டிய ஒன்று.

பிறகு பணம் வந்தது. 2000-இல் நியூசிலாந்தில் நடந்த பெண்கள் உலகக் கோப்பைக்குக் கிரிக்இன்ஃபோவே ஸ்பான்சர். இணைய நிறுவனங்கள் சரிந்த டாட்காம் வீழ்ச்சிக்கு அப்புறம் 2003-இல், கிரிக்கெட் ஆண்டுநூல் போடுகிற விஸ்டன் குழுமத்தின் கைக்குப் போய், 2007-இல் ஈஎஸ்பிஎன் வாங்கியது. ஆனால் ஸ்கோர்கார்டில் கை வைக்கக் கூடாது என்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அதன் புள்ளிவிவரத் தேடல் பக்கமான ஸ்டாட்ஸ்குருவில் போய் எந்த ஆட்டக்காரரையும் எப்படி வேண்டுமானாலும் அலசலாம், இன்றும் காசு கிடையாது.

இன்னொரு காரணம் சட்டம். ஸ்கோர் யாருக்குச் சொந்தம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் பெரிய வழக்கே நடந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயிடம் உரிமை வாங்கிய ஸ்டார் இந்தியா, எஸ்எம்எஸ்ஸில் ஸ்கோர் அனுப்பிய கிரிக்பஸ், ஐடியா, ஆன்மொபைல் மேல் போட்ட வழக்கு. 2013 மார்ச்சில் தனி நீதிபதி, உரிமம் இல்லையென்றால் 15 நிமிடம் கழித்துத்தான் ஸ்கோர் அனுப்ப வேண்டும் என்றார். அதே வருடம் ஆகஸ்டில் இருவர் அமர்வு அதை ரத்து செய்தது. மைதானத்தில் நடந்தது ஒரு தகவல், பொதுவெளிக்கு வந்தபின் அதன்மேல் ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஸ்கோரைச் சரிபார்க்க ஆயிரம் கண்கள் இருக்கின்றன. ஒரு ரன் தப்பினால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஹோட்டல் அறையில் கோச் யாரிடம் என்ன சொன்னார் என்பதை யார் போய்ச் சரிபார்ப்பது?

பழைய_டெஸ்க்:

நான் சில வருடம் ஒரு விளையாட்டுத் தளத்தில் டெஸ்கில், அதாவது செய்தியைத் தயார் செய்து போடுகிற இடத்தில், வேலை பார்த்தவன், பெயர் வேண்டாம். அங்கே நடப்பதைச் சொல்கிறேன், தங்கை மகனிடம் அப்படியே சொல்லுங்கள்.

மைதானத்தில் எங்கள் ஆள் யாரும் கிடையாது. பிரஸ் கான்ஃபரன்ஸை யூடியூபில் பார்ப்போம், இல்லையென்றால் அதைப் பார்த்து இன்னொருவர் எழுதியதைப் பார்ப்போம். ஒரு கோச் பத்து நிமிடம் பேசினால் அதில் ஒவ்வொரு பதிலும் தனித்தனிச் செய்தி. தொடர்பே இல்லாத இரண்டு பதில்களை ஒட்டினால் மூன்றாவதாக ஒன்று. எழுதுகிற பையனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு, அதோடு எத்தனை பேர் படித்தார்கள் என்கிற கணக்கு. போனில் கூகுள் தானாகக் காட்டுகிற செய்திப் பட்டியலான டிஸ்கவரில் ஏறினால் ட்ராஃபிக் கொட்டும், ஏறாவிட்டால் அந்தச் செய்தி இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் தலைப்பு ஒவ்வொரு கைக்கும் போகப் போகச் சூடு ஏறும். "காயம் பற்றி மருத்துவக் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று முதல் ஆள் எழுதினால், நான்காவது தளத்தில் அவர் தொடரை விட்டே போய்விட்டார். போன் செய்து கேட்க யாரிடமும் எண் கிடையாது, கேட்கச் சொல்லி யாரும் எங்களுக்குச் சொன்னதும் இல்லை.

ஆக "இத்தனை இடத்தில் வந்திருக்கிறது" என்பதற்கு மதிப்பே இல்லை. எல்லாம் ஒரே இடத்திலிருந்து எடுத்தது. 2023 ஆகஸ்டில் ஜிம்பாப்வேயின் முன்னாள் கேப்டன் ஹீத் ஸ்ட்ரீக் இறந்துவிட்டார் என்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கூட ஆடிய ஹென்றி ஒலாங்கா ஒரு ட்வீட் போட்டார், உலகம் முழுக்கப் பெரிய பெரிய நிறுவனங்கள் இரங்கல் செய்தி போட்டுவிட்டன. ஸ்ட்ரீக் புற்றுநோயோடு போராடிக்கொண்டு உயிரோடு இருந்தார். தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒலாங்காவுக்கு அவரே செய்தி அனுப்ப வேண்டி வந்தது. செப்டம்பர் 3-ஆம் தேதிதான் அவர் உண்மையிலேயே காலமானார். சாகக் கிடக்கிற மனிதர் தன் சாவுச் செய்தியைத் தானே மறுக்கும்படி செய்துவிட்டார்கள், அவர் குடும்பத்துக்கு ஒரு போன் போடாததால். அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

எக்ஸில் (பழைய ட்விட்டர்) நீல டிக் காசுக்குக் கிடைக்க ஆரம்பித்ததும் இது இன்னும் மோசமாகிவிட்டது. நிருபர் பெயரைக் கொஞ்சம் மாற்றி ஒரு போலிக் கணக்கு, டிக்கோடு. அவசரத்தில் பார்க்கிற டெஸ்க் பையன் அப்படியே எடுத்துப் போடுவான்.

வடக்கு_முனை:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஸ்கோர் எப்போதும் சரி என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை, காரணம் எங்கள் நாட்டின் பெயரிலேயே ஒரு மோசடி நடந்தது. 2020 ஜூன் மாத இறுதியில் பதுளையில் "ஊவா டி20 லீக்" நடப்பதாக இணையத்தில் நேரலை ஓடியது, இந்தியத் தளங்களில் ஓட்ட விபரமும் வந்தது. உண்மையில் அந்த ஆட்டம் நடந்தது பஞ்சாபில், மொகாலிக்குப் பக்கத்தில் சவாரா என்னும் கிராமத்தில். சூதாட்டத்துக்காகச் செய்த வேலை. இலங்கை கிரிக்கட் நிறுவனம் இப்படி ஒரு லீக்கே எங்களிடம் இல்லை என்று அறிவித்தது. 2022-இல் குஜராத்தில் மோலிபூர் கிராமத்தில் வயல்காட்டில் ஆள் பிடித்து, சீருடை போட்டு, ரஷ்யாவில் பந்தயம் கட்டுகிறவர்களுக்காக யூடியூபில் ஓட்டிய போலி லீக்கையும் பொலிஸ் பிடித்தது. ஓட்டக் கணக்கு ஒழுங்காக இருந்திருக்கலாம், போட்டிதான் பொய். ஆகவே பெரிய அணிகளின் ஆட்டத்துக்குச் சொல்லுகிற விதி பெயர் தெரியாத லீக்குகளுக்குப் பொருந்தாது. அவற்றைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைதானத்துக்குப் போய் எழுதுகிறவர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. த பப்பரே தளம் பாடசாலைப் போட்டிகளையும் விடாமல் எழுதுகிறது, தமிழிலும் எழுதுகிறது. யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையில் 1904 முதல் நடக்கிற வடக்கின் பெரும் போர் அங்கே முழுச் செய்தியாக வரும். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020-இல் லங்கா பிரீமியர் லீக்கிலும் 2024-இல் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல்லிலும் ஆடியபோது இந்தியத் தளங்களுக்கு அவர் யாரென்று தேட வேண்டியிருந்தது. பாடசாலைப் போட்டிகளைப் படித்து வந்த எங்களுக்கு அவரை முன்பே தெரியும்.

கவர்_டிரைவ்_78:

டெஸ்க் நண்பர் விளம்பரத்தைப் பற்றிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கிரிக்கெட் "செய்தித் தளம்" என்று நாம் பார்க்கிற சிலவற்றுக்குப் பின்னால் இருப்பது பந்தய நிறுவனம். சூதாட்டத்தை நேரடியாக விளம்பரம் செய்ய முடியாது, அதனால் அதே பெயரில் அதே லோகோவில் "நியூஸ்" என்று ஒட்டி ஒரு தளத்தைத் தொடங்கி, மைதானத்துப் பலகையிலும் டிவியிலும் அதை விளம்பரம் செய்தார்கள். 2022 அக்டோபரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதையே குறிப்பிட்டு, செய்தித் தளம் என்கிற போர்வையில் வருகிற பந்தய விளம்பரங்களைப் போடாதீர்கள் என்று டிவி சேனல்களுக்கும் இணையதளங்களுக்கும் அறிவுரை அனுப்பியது. அந்தத் தளங்களில் செய்தியும் இருக்கும், படிக்கவும் நன்றாகவே இருக்கும், அதனால்தான் பையன்கள் விழுகிறார்கள்.

அப்புறம் ஃபான்டஸி, அதாவது நிஜ வீரர்களை வைத்து நாமே ஓர் அணி அமைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு. "இன்றைய ஆட்டத்தில் யாரை எடுக்கலாம்" என்று ஒவ்வொரு மேட்சுக்கும் கட்டுரை, அதற்கு நடுவே பிட்ச் ரிப்போர்ட் என்று ஒன்று, பிட்சைப் பார்க்காமலேயே எழுதியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் வந்து, ஃபான்டஸி நிறுவனமான ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தி, இந்திய அணியின் ஸ்பான்சர்ஷிப்பிலிருந்தும் விலகியது. பல கிரிக்கெட் தளங்களின் வருமானத்தில் அந்தப் பணம் எவ்வளவு ஊறியிருந்தது என்பது விளம்பர இடங்களைப் பார்த்து வந்த யாருக்கும் தெரியும். உங்கள் தங்கை மகனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், வயசுப் பையன்.

நைட்வாட்ச்மேன்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்ட்ரீக் விஷயத்தையும் பதுளை விஷயத்தையும் இன்றைக்கே அவனிடம் சொல்லப் போகிறேன். ஒரு சந்தேகம். மைதானத்தில் ஆள் இருக்கிற தளம் என்றால் கிரிக்கெட் வாரியத்தோடு ஒத்துப்போக வேண்டாமா? அனுமதி கொடுப்பவர்களே அவர்கள்தானே?

ஜே_ஸ்டாண்ட்:

நல்ல கேள்வி, உண்மையான சிக்கல் அதுதான். 2008-இல் முதல் ஐபிஎல் நடந்தபோது இணையதளங்களுக்கு அக்ரிடிடேஷன் (நிருபர் அனுமதி) கொடுக்கவில்லை, கிரிக்இன்ஃபோ ஆட்களே பிரஸ் பாக்ஸுக்குள் போக முடியாத நிலை. 2012-இல் இங்கிலாந்து இங்கே வந்தபோது கெட்டி போன்ற புகைப்பட நிறுவனங்களை பிசிசிஐ உள்ளே விடவில்லை, செய்தி ஏஜென்சிகளான ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, ஏபி மூன்றும் அதை எதிர்த்துப் படம் அனுப்புவதையே நிறுத்தின. கதவைத் திறந்து விடுகிறவர் கையில் பலம் இருக்கிறது. இப்போது வாரியமும் அணிகளும் தங்கள் தளத்திலேயே பேட்டி, வீடியோ எல்லாம் போட்டுக்கொள்கிறார்கள், கடினமான கேள்வி கேட்கிற நிருபர் அவர்களுக்குத் தேவையே இல்லை. அதனால் நான் இரண்டையும் பிரித்துத்தான் படிக்கிறேன். அணித் தேர்வு, காயம், அட்டவணை என்றால் பிசிசிஐ, ஐசிசி தளத்தில் அறிக்கை வந்ததா என்று பார்ப்பேன், வராதவரை அது பேச்சுதான். ஏன் இவரை எடுத்தார்கள், பணம் எங்கே போகிறது என்றால் பெயர் போட்டு எழுதுகிற நிருபரிடம் போவேன். தளத்தின் பெயரைவிட நிருபரின் பெயர் முக்கியம். அவர் போன வருடம் எழுதியது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பின்னால் போய்ப் படித்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

பழைய_டெஸ்க்:

மேற்கோளுக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். யாரிடம், எங்கே, எந்த நாளில் என்கிற மூன்றும் செய்திக்குள் இல்லையென்றால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். உண்மையாகவே சொல்லியிருந்தால் வீடியோ இருக்கும், பாட்காஸ்ட் இருக்கும், இல்லை பேட்டி எடுத்த பத்திரிகையின் பெயராவது இருக்கும். "கூறியதாகத் தெரிகிறது" என்று முடிந்தால் எழுதியவருக்கே தெரியாது என்று அர்த்தம்.

நைட்வாட்ச்மேன்:

தமிழில் படிக்க எது சரி? அவனுக்கு ஆங்கிலம் இன்னும் தடுமாற்றம்.

ஜே_ஸ்டாண்ட்:

சர்வதேச ஆட்டம் என்றால் பெரிய தமிழ் நாளிதழ்களின் தளம் போதும், பெரும்பாலும் ஏஜென்சி செய்தி, தலைப்பை விட்டுவிட்டு உள்ளே படிக்கச் சொல்லுங்கள். இலங்கைக்கு மேலே அண்ணன் சொன்ன த பப்பரே. நம்மூர் கிரிக்கெட்டுக்குத்தான் குறை. சென்னை லீக், மாவட்ட ஆட்டங்கள், பள்ளிப் போட்டிகள் இதையெல்லாம் நேரில் பார்த்துத் தொடர்ந்து எழுதுகிற தமிழ்த் தளம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. சென்னையிலிருந்து 1978 முதல் வருகிற ஸ்போர்ட்ஸ்டார்கூட ஆங்கிலம்தான். டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) நடக்கிற சமயத்தில் மட்டும் எல்லோரும் எழுதுவார்கள், முடிந்ததும் காணாமல் போவார்கள். பையன் எந்த ஊர்ப் பள்ளி? அவன் ஆடுகிற மேட்ச்களைப் பற்றி ஸ்கோரோடு இங்கே எழுதச் சொல்லுங்கள், பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன்.