2024 மிச்சிகன் ஆட்டம்: சொதப்பியது ஹாவர்டா, சிப் கெல்லியின் பிளே-காலிங்கா?

நாலாவது_டவுன்:
2024 நவம்பர் 30, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், சொந்த மைதானத்தில் ஒஹாயோ ஸ்டேட் 10-13 என்று மிச்சிகனிடம் தோற்றது. ஒஹாயோ ஸ்டேட்டுக்குத் தாக்குதல் பிளேக்களைக் கொடுத்தவர் கோச் சிப் கெல்லி. அதன் குவார்ட்டர்பேக் (பாஸ் வீசுபவர்) வில் ஹாவர்ட் 33 பாஸில் 19 சேர்த்தார், 175 யார்டு, 1 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பாஸ்). பாஸ் ரேட்டிங் சரியாக 100. அதே ஆள் 2025 ஜனவரி 20 தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் நோட்ரே டேமுக்கு எதிராக 21-ல் 17, 231 யார்டு, 2 டச்டவுன், ரேட்டிங் 204.8. இதில் குவார்ட்டர்பேக்கின் பங்கு எவ்வளவு, பிளே கொடுத்தவரின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

ஸ்கோர்ஷீட்:
முதலில் ரேட்டிங்கை ஓரமாக வையுங்கள். யார்டு × 8.4, டச்டவுன் × 330, சக வீரர் பிடித்த பாஸ் × 100 மூன்றையும் கூட்டி, இன்டர்செப்ஷன் × 200-ஐக் கழித்து, வீசிய பாஸ்களால் வகுப்பதுதான் அது. டவுன் என்பது ஒரு முயற்சி; நாலு முயற்சிக்குள் 10 யார்டு போகணும். மூன்றாவது டவுனில் 9 யார்டு வேண்டிய இடத்தில் 6 யார்டு பாஸ் போட்டால் அடுத்தது பன்ட் (பந்தை உதைத்து எதிரணியிடம் விடுவது) தான். ஆனாலும் அந்த பாஸுக்கு 150 புள்ளி விழும்! சாக் (பாஸ் வீசும் முன் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) கணக்கிலேயே வராது. கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் போன யார்டு ரன் (பந்தோடு ஓடும் பிளே) கணக்கில் கழியும், அதனால் பந்தைக் கையிலேயே வைத்திருக்கும் குவார்ட்டர்பேக் தப்பித்துவிடுவார்.

அதற்குப் பதில் சக்சஸ் ரேட் (வெற்றி பெற்ற பிளேக்களின் விகிதம்) போடுங்கள்: முதல் டவுனில் தேவையான யார்டில் 50%, இரண்டாவதில் 70%, மூன்றாவது, நான்காவதில் முழுவதும் வந்தால் வெற்றி. ரன், பாஸ் தனித்தனியாக. சாக்கை பாஸில் சேர்க்கணும்.

டிரெஞ்ச்_வாட்சர்:
மிச்சிகன் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 26 ரன், 77 யார்டு. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைனில் லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ், சென்டர் செத் மெக்லாக்லின் இருவரும் காயத்தால் வெளியே. எதிரே மிச்சிகன் தடுப்பு லைனின் நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். பலவீனமான லைனை வைத்துக்கொண்டு அவர்கள் மேலேயே ரன் விட்டால் இரண்டாவது டவுனில் 8 யார்டு, மூன்றாவதில் 7 யார்டு பாக்கி என்றுதான் நிற்கும். மிச்சிகனின் முதன்மை கார்னர் (ரிசீவரைக் காவல் காப்பவர்) வில் ஜான்சன் ஆடவே இல்லை. அப்படியும் ஒஹாயோ ஸ்டேட் ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) ஜெரமையா ஸ்மித்துக்கு 5 பாஸ், 35 யார்டு. இது கெல்லி கணக்கு. தன் கோல் லைன் பக்கத்தில் கொடுத்த இன்டர்செப்ஷன் ஹாவர்ட் கணக்கு. அதை வைத்து மிச்சிகன் டச்டவுன் போட்டது. ஒஹாயோ ஸ்டேட் தவறவிட்ட இரண்டு ஃபீல்டு கோலை (உதைத்து எடுக்கும் 3 புள்ளி) இருவர் தலையிலும் கட்ட முடியாது.

ஆர்பிஓ_பிரியன்:
ஒரு திருத்தம். 26 ரன்னையும் கெல்லி மேல் போடாதீர்கள், ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்) இருந்தால் ரன்னா பாஸா என்பது குவார்ட்டர்பேக்கின் முடிவு. கல்லூரியில் பாஸ் பிளேயிலும் லைன்மேன் 3 யார்டு வரை முன்னேறலாம் என்பதால் டிவியில் பார்த்தால் சாதாரண ரன் மாதிரியே இருக்கும். வீடியோவில் லைன்பேக்கரை (தடுப்பு லைனுக்குப் பின்னால் நிற்பவர்) பாருங்கள். அவர் ரன்னை நோக்கிப் பாய்ந்து, பின்னால் ஸ்லாண்ட் (ரிசீவர் குறுக்காக ஓடும் பாஸ் ரூட்) திறந்திருந்தும் பந்து ரன்னிங் பேக்கிடம் போனால் தவறு குவார்ட்டர்பேக்குடையது. பாஸ் ரூட்டே ஓடவில்லை என்றால் அது கோச் கொடுத்த ரன்.

ஸ்கோர்ஷீட்:
சரிதான். இன்னொன்று, விளைவை வைத்து பிளேயை எடை போடாதீர்கள். இறுதி ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட் 31-23 என்று முன்னிலை, மூன்றாவது டவுனில் 11 யார்டு பாக்கி; கடிகாரத்தை ஓடவிட ரன் வரும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கெல்லி ஆழமான பாஸ் கொடுத்தார், ஸ்மித் 56 யார்டு. ஸ்மித்துக்குத் தனிக் காவல் கிடைக்கும் இடத்தைத் தேடியதுதான் அங்கே நல்ல முடிவு. பந்து கை நழுவியிருந்தாலும் அந்த அழைப்புக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.