பொருள்: நெருக்குவளி, செறிவளி, கச்சான்

மட்டக்களப்பிலிருந்து:
பல் சிகிச்சைக் கருவிப் பராமரிப்புக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கொம்பிரசர்', 'பில்டர்' இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். கொம்பிரசரில் நெருக்கி, தூசு, எண்ணெய், ஈரம் மூன்றும் நீக்கிக் குழாயில் அனுப்பும் வளிக்குத்தான் பெயர் இல்லை. போன மாரியில் ஒரு சிகிச்சை நிலையத்தில் வளிமுனையைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். மூன்று செக்கனில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். அந்த வளியால் பல்லை உலர்த்தினால் நிரப்பும் பொருள் எப்படிப் பிடிக்கும்? 'உலர்நெருக்குவளி' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

அக்கரைப்பற்றிலிருந்து:
தம்பி, 'நெருக்குவளி' வினைத்தொகை. கொல்யானை கொல்லும் யானை; நெருக்குவளியும் நெருக்கும் வளியாகிவிடும். நெருக்கு பிறவினை, நெருங்கு தன்வினை. அதைவிடச் 'செறிவளி' அழகு. 'வளி'யை விட்டுவிடாதீர்கள்; நிலம் தீ நீர் வளி விசும்பு என்று தொல்காப்பியம் எண்ணிய சொல்.

கல்முனையிலிருந்து:
சேர், குத்தரிசி எதையும் குத்துவதில்லை, குத்தப்படுகிறது. அதுவும் வினைத்தொகைதானே? 'செறிவளி' வேண்டவே வேண்டாம். இரசாயன வகுப்பில் செறிவு என்று படித்த பிள்ளை, ஒட்சிசன் கூடிய வளி என்று நினைப்பான். சிகிச்சை நிலையத்தில் அது ஆபத்து. என் பட்டறையில் எல்லோரும் 'எயார்' என்றுதான் சொல்கிறார்கள். பொரித்த மீன், அவித்த முட்டை மாதிரி 'நெருக்கிய வளி' என்றால் அவர்களுக்கும் விளங்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
குத்தரிசியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உலர்த்தும் பொறிக்கு நம் மண்ணிலேயே சொல் இருக்கிறது: கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலையேறிக் குளிர்ந்து, நீரை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி ஜூன், ஜூலையில் நம்மிடம் வரண்டு வருகிறது. குளிரூட்டி உலர்த்தியும் அதையேதான் செய்கிறது: குளிர்வித்து, நீரை வடித்து, திரும்பச் சூடாக்கி அனுப்புகிறது.

மட்டக்களப்பிலிருந்து:
சேர், இதை வாசித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். ஏழு பார் மானியமுக்கத்தில் (வெளிவளியின் அமுக்கத்துக்கு மேல் ஏழு பார்) வளி ஏறக்குறைய எட்டில் ஒன்றாகச் சுருங்க, நீராவி முழுவதும் அதற்குள் அடைபட்டு, ஆறியதும் மிகுதி நீராகிறது. மாணவருக்கு இதை விளக்க உங்கள் மலையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கடையில் கச்சான் என்றால் கடலைதான் தருவார்கள். பனிபடுநிலையும் (நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) இடிக்கிறது: குளிரூட்டி உலர்த்தியில் 3 பாகை, உறிஞ்சுமணி உலர்த்தியில் மறை 40 வரை. நெருக்கிய நிலையில் அளந்ததா, வெளியே விட்ட பின்பா என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. 'அமுக்கப் பனிபடுநிலை' என்று போட்டுவிட்டேன். அதை ஒருவரும் மறுக்கவில்லை. பெயரைக் கேட்டதில் ஐந்து பேர் 'உலர் நெருக்கிய வளி' என்றார்கள், இருவர் 'எயார்' என்றார்கள். முதலாவதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:
கொடுங்கள். 'உலர்' வினைத்தொகை, 'நெருக்கிய' பெயரெச்சம். இரண்டும் அடுத்தடுத்து நிற்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. உலர்த்திப் படத்தின் கீழ் ஒரு வரியிலாவது கச்சானைச் சேர்த்துவிடுங்கள். வாவிக்கரை வெயிலில் பிள்ளைகள் உடம்பாலேயே அறிந்த காற்று அது.