மறு: அமெரிக்கக் கால்பந்துத் தலைக்கவசம் – ‘கன்கஷன்’ தமிழில் என்ன?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். ‘கன்கஷன்’ (concussion), அதாவது தலை மோதும்போது மூளைக்கு ஏற்படும் காயம், அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழு உரையாடலில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘மூளை அதிர்ச்சி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

பொதுவான மருத்துவக் குறிப்புக்குச் சரி. தலைக்கவசம் பற்றி எழுத உட்கார்ந்தால்தான் அது இடிக்கிறது. நாளிதழ்த் தமிழில் அதிர்ச்சி என்றால் கெட்ட செய்தி கேட்டு மனம் உறைவது. மின்சாரம் பாய்ந்தாலும் அதிர்ச்சிதான். ‘அதிர்வு’ என்றால் இயற்பியல் பாடத்துக்குப் போய்விடும். இரண்டிலும் மூளை மண்டையோட்டுக்குள் இடம்பெயர்கிறது என்ற செய்தி இல்லை. அது தெரியாத வாசகர், கவசத்தைக் கெட்டியாக்கினால் போதுமே என்றுதான் நினைப்பார்.

நடப்பதைப் பாருங்கள். எதிரணிக்காரர் பக்கவாட்டில் ஓடிவந்து கவசத்தின் முகக்கம்பியில் மோதுகிறார். தலை வெடுக்கென்று திரும்புகிறது. மண்டையோடு திரும்பிவிட்டது, உள்ளே மூளை ஒரு கணம் பின்தங்குகிறது. அந்த இழுப்பில் நரம்பிழைகள் நீள்கின்றன, முறுகுகின்றன. ஓட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. தலையின் சுழற்சியே முக்கியக் காரணம் என்று ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஹோல்பர்ன் 1943இலேயே எழுதிவிட்டார். ஆனால் விளையாட்டுக் கருவிகளுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் நாக்சே (NOCSAE) அமைப்பு 1973இல் வெளியிட்ட தரம், கவசம் மாட்டிய பொம்மைத் தலையை மேலிருந்து விழவிட்டு நேர்கோட்டு முடுக்கத்தைத்தான் அளந்தது. தலைக்காயச் சாவுகள் குறைந்தன. தலையால் முட்டுவதைத் தடுத்த 1976ஆம் ஆண்டு விதிக்கும் அதில் பங்குண்டு. கன்கஷன் மட்டும் நின்றபாடில்லை.

ஆகவே ‘மூளைக்குலுங்கல்’ என்று முன்மொழிகிறேன். ‘குலுக்கல்’ வேண்டாம், அது பரிசுச்சீட்டுக்குப் போய்விட்டது, பிறவினையும்கூட. இங்கே மூளைதான் குலுங்குகிறது. ‘மூளைச்சாவு’ எழுதிப் பழகிய கைக்கு இதுவும் எளிதாக வரும்.

> பேருந்தில் போனாலும் குலுங்கும். இவ்வளவு பெரிய காயத்துக்கு மெலிந்த சொல்லாக இல்லையா?

நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு இந்தச் சொல் பிடித்ததே அதனால்தான். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்னாள் வீரர் மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தார். அவர் மூளையில் மருத்துவர் பென்னெட் ஒமாலு கண்ட சிதைவு ஒரே அடியில் வருவதல்ல. பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் தலையில் வாங்கும் மோதல்களோடு தொடர்புடையது. அவற்றில் பெரும்பாலானவை மயக்கமோ தலைசுற்றலோ தராதவை. அவற்றை ‘அறிகுறியில்லாக் குலுங்கல்’ என்று அதே வேரிலிருந்து சொல்லிவிடலாம். ‘அறிகுறியில்லா அதிர்ச்சி’ என்று எழுதிப் பாருங்கள், நிற்கவே நிற்காது.

தலை சுழலும் வேகம் மாறும் வீதத்தை (angular acceleration) ‘சுழல் முடுக்கம்’ எனலாமா என்ற யோசனை பற்றி: பாடநூலில் ‘கோண முடுக்கம்’ இருக்கிறது, அதுவே போதும். மாணவர்களுக்கு இரண்டு சொல் எதற்கு?

அப்புறம், கவசத்தின் மேல் மாட்டும் மெத்தென்ற உறை. அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் (NFL) 2022 பயிற்சி முகாம்களில் சில ஆட்டநிலைகளில் ஆடும் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. 2024 முதல் ஆட்டங்களிலும் விருப்பமுள்ளவர்கள் அணியலாம். அதற்கு ‘மெத்துறை’ சரிவருமா? கவசத்துக்குள்ளேயும் மெத்தை இருப்பதால் ‘மேல்மெத்துறை’ என்றால் குழப்பம் வராது என்பது என் எண்ணம். மருத்துவம் படித்த நண்பர்கள் ‘மூளைக்குலுங்கல்’ பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். நோயாளியிடம் நேரில் சொல்ல வாய்க்கு வருகிறதா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

அன்புடன்