சீனப் படையைப் பார்த்துச் சிரித்த பாரிஸ்: டோமியே முதல் 1898 வரை

நாற்சந்தி:
பிரெஞ்சுக் கேலிச்சித்திரம் என்றாலே இங்கே எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறீர்கள். கேலிச்சித்திரக்காரர் டோமியே அரசனையே எதிர்த்தவர், அவர் வரைந்த ஷாரிவாரி பத்திரிகை கருத்துச் சுதந்திரத்தின் கோட்டை என்று போன வாரம் முழுக்க அதே பேச்சு. சரி, அதே ஷாரிவாரியில் 1858 முதல் 1860 வரை சீனாவைப் பற்றி வந்த படங்களையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். டோமியேயும் வரைந்தார், ஷாம் என்ற பெயரில் வரைந்த அமெதே தெ நோயேயும் வரைந்தார். நீளப் பின்னல், தொங்கு மீசை, தொப்பை, விசிறி, குடை, இவற்றோடு போருக்கு வந்து நிற்கும் ஒரு சிப்பாய். அந்த ஆளைப் பார்த்தால் இவனைச் சுட ஒரு படையே வேண்டுமா என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் வரைந்திருக்கிறார்கள். அப்போது நடந்துகொண்டிருந்தது பிரிட்டனும் பிரான்சும் சீனாவோடு நடத்திய இரண்டாம் அபினிப் போர். பிரான்ஸ் தன் படையை அங்கே அனுப்பியிருந்தது. சொந்த நாட்டு ராணுவம் சுடப் போகும் மனிதர்களைக் கோமாளிகளாக வரைந்து காட்டுவதை நான் அரசியல் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். அது போருக்குச் செய்த சேவை.

கல்லச்சு:
நண்பரே, அந்தப் படங்கள் எந்த நிலைமையில் அச்சானவை என்பதைச் சொல்லாமல் தீர்ப்பு எழுதக்கூடாது. 1832இல் லூயி பிலிப் அரசனைப் பெருந்தீனி தின்னும் அரக்கனாக வரைந்ததற்காக டோமியே ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றவர். 1835 செப்டம்பரில் வந்த சட்டம் அரசியல் கேலிச்சித்திரத்தையே நிறுத்திவிட்டது. 1848 புரட்சியில் கொஞ்ச நாள் மூச்சு விட்டார்கள், 1852இல் மூன்றாம் நெப்போலியன் மறுபடி கழுத்தைப் பிடித்தார். ஒவ்வொரு படத்தையும் அச்சுக்கு முன்னாலேயே தணிக்கை அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். பேரரசரை வரைய முடியாது, அமைச்சரை வரைய முடியாது, உள்நாட்டுப் படையைக் கிண்டல் செய்ய முடியாது. பத்திரிகையோ தினசரி, நாள்தோறும் ஒரு படம் கொடுத்தாக வேண்டும். அப்போது கைக்கு எட்டியது வெளிநாடுதான்.

இன்னொன்று. டோமியே சீனாவை முதலில் தொட்டது 1858இல் இல்லை. 1843 முதல் 1845 வரை அதே ஷாரிவாரியில் சீனப் பயணம் என்று ஒரு வரிசையே செய்திருக்கிறார். அதில் உடைதான் சீனம், உள்ளே இருப்பதெல்லாம் பாரிஸ். அங்கே உறைப்பது பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தின் பகட்டுக்குத்தான். நேரே சொல்ல முடியாததைச் சீனச் சட்டை போட்டுச் சொன்ன கலைஞனைப் போர் விளம்பரக்காரன் ஆக்கிவிடாதீர்கள்.

நாற்சந்தி:
1843 வரிசையைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்குச் சண்டையே இல்லை. அப்போது பிரான்ஸ் சீனாவோடு போரில் இல்லை. 1844 அக்டோபரில் வாம்போவா ஒப்பந்தம், வணிகம், தூதுக்குழு, அவ்வளவுதான். நான் பேசுவது 1858க்குப் பிறகு வந்தவை. தணிக்கை இருந்தது என்பதை நீங்கள் கலைஞனுக்குச் சாதகமாகச் சொல்கிறீர்கள், எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது. அதிகாரி ஒரு படத்தை விட்டுவிட்டான் என்றால் அரசுக்கு அதில் நோவு எதுவும் இல்லை என்றுதானே பொருள்? 1854இல் கிரிமியாப் போர், ரஷ்யர்களைக் கோமாளிகளாக வரைந்தார்கள். 1859இல் இத்தாலியில் போர், ஆஸ்திரியர்களை வரைந்தார்கள். 1860இல் சீனர்கள். அரசு யாரோடு சண்டையிட்டதோ அவனையே பத்திரிகையும் வரிசை தவறாமல் குத்தியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அல்லி:
ரஷ்யர், ஆஸ்திரியர், சீனர் மூவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று இருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்திரியச் சிப்பாய் எப்படி இருப்பான் என்று பாரிஸ்காரருக்குத் தெரியும். படத்தில் அவன் முட்டாளாக இருந்தால், அது மிகை என்று பார்ப்பவருக்கே புரியும், போர் முடிந்ததும் அதை மறந்துவிடுவார். சீனச் சிப்பாயை நேரில் கண்டவர்கள் பாரிசில் எத்தனை பேர்? மற்றவர்களுக்கெல்லாம் ஷாரிவாரி காட்டியவன்தான் சீனன். ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேறு படமே இல்லாத இடத்தில் கேலிச்சித்திரம் தகவலாகவே மாறிவிடுகிறது. டோமியேயின் எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவருடைய கோடு செய்த வேலை இதுதான்.

கடல்நண்டு:
படங்களைப் பற்றி நீங்கள் பேசுங்கள், நான் போரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கோமாளிப் படை உண்மையில் என்ன செய்தது என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

25 ஜூன் 1859. வடசீனாவில் பெய்ஹோ ஆற்று முகத்தில் தாகு கோட்டைகள். பிரிட்டிஷ் அட்மிரல் ஹோப் பீரங்கிப் படகுகளோடு ஆற்றுக்குள் நுழையப் பார்த்தார், கூடவே சிறிய பிரெஞ்சுக் குழு ஒன்றும் போனது. எதிரே கோட்டையில் இருந்தவர் மங்கோலிய இளவரசர் செங்கே ரின்சென். முந்தைய ஆண்டு அதே கோட்டைகள் எளிதாக விழுந்ததைப் பார்த்தவர், ஆற்றுக்குக் குறுக்கே தடைகள் போட்டு, பீரங்கிகளை மாற்றி வைத்து, கரையைப் பலப்படுத்திக் காத்திருந்தார். பல படகுகள் மூழ்கின. மாலையில் சேற்றில் இறங்கி ஏறப் பார்த்தவர்கள் அங்கேயே விழுந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் இறந்தவரும் காயம்பட்டவரும் சேர்த்து 400க்கு மேல். அது முழுத் தோல்வி. அடுத்த ஆண்டு பிரான்ஸ் ஏறக்குறைய 8,000 பேரையும் பிரிட்டன் அதைவிடக் கூடுதலாகவும் அனுப்ப வேண்டி வந்ததே இதனால்தான். சிரிப்பதற்குரிய படையாக இருந்திருந்தால் உலகின் மறு கோடிக்கு இவ்வளவு கப்பலும் பீரங்கியும் எதற்கு?

நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு: 1860இல் பெய்ஜிங் வரை போன பிரிட்டிஷ் படையில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவும் இருந்தது.

கல்லச்சு:
கடல்நண்டு, 1859ஐ நீங்கள் சொன்னது நல்லது. ஆனால் 1860 செப்டம்பர் 21, பெய்ஜிங் அருகே பாலிகாவோ பாலத்தில் நடந்த போர்? சீனத் தரப்பில் பல்லாயிரம் பேர். பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர்கள் ஒற்றை இலக்கம். படை பழையது, ஆயுதம் பழையது என்று கேலிச்சித்திரக்காரர் சொன்னது கள நிலவரத்தோடு பொருந்தத்தானே செய்கிறது? திரித்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியுமா?

கடல்நண்டு:
ஆயுதம் பழையது, ஒப்புக்கொள்கிறேன். வில், திரித்துப்பாக்கி, ஈட்டி. எதிரே பிரெஞ்சுக்காரரிடம் முந்தைய ஆண்டு இத்தாலியில்தான் முதலில் பேரளவில் இறக்கிய வரிக்குழாய்ப் பீரங்கி, பிரிட்டிஷாரிடம் புத்தம் புதிய ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கி. ஐரோப்பாவிலேயே எந்தப் படையும் அன்று அந்தப் பீரங்கிகளின் முன்னால் குதிரையில் பாய்ந்திருந்தால் அழிந்துதான் போயிருக்கும். மங்கோலியக் குதிரைப்படை பாய்ந்தது, ஒரு முறை அடி வாங்கிய பிறகும் பாய்ந்தது. அதன் துணிச்சலை அங்கே நின்ற பிரெஞ்சு அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொரு பெரிய காரணத்தையும் விட்டுவிடாதீர்கள். 1850 முதலே தைப்பிங் கிளர்ச்சி. நாஞ்சிங் கிளர்ச்சிக்காரர் கையில், தெற்கும் நடுவும் பற்றி எரிகிறது, சீனாவை ஆண்ட சிங் அரசின் படையில் பெரும்பங்கு அங்கே கட்டுண்டு கிடக்கிறது. பெய்ஜிங்கைக் காக்க மீந்தவர்கள்தான் பாலிகாவோவில் நின்றார்கள். விசிறி பிடித்த தொப்பைக்காரப் படத்தில் இந்த உள்நாட்டுப் போர் எங்கே இருக்கிறது? தோல்விக்கான காரணத்தை அந்தப் படம் சீனனின் உடம்பிலேயே வைத்துவிட்டது. எனக்கு உறுத்துவது இதுதான்.

நாற்சந்தி:
நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை எழுதிவிட்டீர்கள்.

கல்லச்சு:
வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்துப் பிரான்ஸ் முழுவதும் ஒரே குரலில் சிரித்தது போல ஆக்கிவிட வேண்டாம். 1860 அக்டோபரில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் பெய்ஜிங் அருகே சீனப் பேரரசரின் கோடை அரண்மனையைச் சூறையாடின, 18ஆம் தேதி பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு உத்தரவில் அது எரிக்கப்பட்டது. 25 நவம்பர் 1861இல் விக்டர் ஹ்யூகோ எழுதிய கடிதத்தில் பிரான்சையும் இங்கிலாந்தையும் இரண்டு கொள்ளைக்காரர்கள் என்றே சொல்கிறார். 1862இல், சீனாவுக்குப் போன பிரெஞ்சுப் படையின் தலைவர் மொந்தோபானுக்கு ஆண்டுக்கு 50,000 பிராங்க் பரம்பரை மானியம் கொடுக்கப் பேரரசர் கேட்டபோது, அடங்கிக் கிடந்த அந்தச் சட்டமன்றமே முரண்டு பிடித்தது, பேரரசர் பின்வாங்கினார். எதிர்ப்பு இருந்தது.

அல்லி:
ஹ்யூகோ அப்போது கர்ன்சி தீவில் நாடுகடந்து இருந்தார். தணிக்கை அதிகாரியின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால்தான் அப்படி எழுத முடிந்தது. உங்கள் வாதத்தையே உங்களிடம் திருப்பி வைக்கிறேன்: தணிக்கைக்குள் இருந்த ஷாரிவாரியால் அந்தக் கொள்ளைக்காரர்களை வரைய முடியவில்லை, ஆனால் சீனனை வரைய முடிந்தது. வரையாமல் இருக்கவும் முடிந்திருக்கும். பாரிஸ் தெருக்கள், வாடகை வீட்டுக்காரர், வக்கீல்கள், ரயில் பயணிகள் என்று டோமியேக்கு வேறு பொருளா இல்லை? ஏறத்தாழ 4,000 கல்லச்சுப் படங்கள் செய்தவர் அவர்.

கல்லச்சு:
அப்படியானால் தணிக்கை போன பிறகு என்ன நடந்தது என்று பார்ப்போம், அதுதான் சரியான சோதனை. 29 ஜூலை 1881 பத்திரிகைச் சட்டம் முன் அனுமதியை ஒழித்தது. மூன்றே ஆண்டில் மறுபடி சீனாவோடு போர், இந்த முறை வட வியட்நாமான டோங்கினுக்காக. இப்போது யார் அடி வாங்கினார்கள்? பிரதமர் ஜூல் ஃபெர்ரி! அந்தப் பெரிய மூக்கையும் கிருதாவையும் வலதுசாரியும் வரைந்தார்கள், இடதுசாரியும் வரைந்தார்கள், டோங்கின்காரன் என்று பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது. கையைக் கட்டாமல் விட்டபோது பிரெஞ்சுக் கேலிச்சித்திரம் தன் ஆட்சியாளர் மீதுதான் பாய்ந்தது. இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்காது.

கடல்நண்டு:
அந்தப் போரையும் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும். 23 ஆகஸ்ட் 1884, ஃபூசோ துறைமுகம். அட்மிரல் கூர்பே சீனக் கப்பற்படையை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அழித்தார். அங்கே கப்பல் கட்டும் தளத்தை உருவாக்கியவர் யார் தெரியுமா? ப்ரோஸ்பர் ஷிக்கேல், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1866 முதல் பிரெஞ்சுப் பொறியாளர்களை வைத்துச் சீனருக்குக் கப்பல் கட்டக் கற்றுக்கொடுத்த இடம் அது. தாங்கள் கற்றுக்கொடுத்துக் கட்டிய கப்பல்களையே பிரெஞ்சுக்காரர் மூழ்கடித்தார்கள். ஆனால் அக்டோபர் 8ஆம் தேதி தைவானின் தாம்சூயில் கரையிறங்கிய பிரெஞ்சுப் படை துரத்தப்பட்டது. 1885 மார்ச் 24இல் டோங்கின் எல்லைக் கணவாய்ப் போரில் பிரெஞ்சுத் தளபதி தெ நெக்ரியே தோற்றார், 28ஆம் தேதி அவர் காயம்பட்டு விழ, லாங் சோன் நகரத்தைக் கைவிட்டுப் பின்வாங்கினார்கள். பீதி நிறைந்த தந்தி பாரிசுக்குப் போனது. நாடாளுமன்றத்தில் ஃபெர்ரியின் எதிராளி கிளெமென்சோ எழுந்து வாங்கு வாங்கென்று வாங்கினார். 30ஆம் தேதி வாக்கெடுப்பு, 306க்கு 149, ஃபெர்ரி அரசு கவிழ்ந்தது. ஒரு சீன வெற்றி பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்தது என்று யாராவது உங்களுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களா?

நாற்சந்தி:
கல்லச்சு, உங்கள் சோதனையை நான் ஏற்றுக்கொள்கிறேன், முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. ஃபெர்ரியை ஏன் அடித்தார்கள்? சீனாமேல் படையெடுத்ததற்காகவா? பணத்தையும் பிள்ளைகளையும் அங்கே கொட்டினீர்களே, ஜெர்மனியிடம் இழந்த அல்சாஸ்-லொரேனை மறந்தீர்களே, அப்புறம் தோற்றும் போனீர்களே என்பதற்காக. மன்றத்துக்கு வெளியே அவனை ஆற்றில் தள்ளு என்று கூச்சல் போட்ட கூட்டத்துக்கு ஃபூசோவில் செத்த மாலுமிகளைப் பற்றிக் கவலை இருந்ததா? அந்தப் படங்களில் சீனச் சிப்பாய் மனிதனாகவில்லை, ஃபெர்ரிக்குப் பின்னணித் துணியானான். 1860இல் அவன் சிரிப்புக்குரியவன், 1885இல் ஜெயித்த பிறகும் அவனுக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டில் தணிக்கை போய்விட்டது, அந்தப் பார்வை போகவில்லை. அப்படியானால் பார்வைக்குக் காரணம் தணிக்கை இல்லை.

கல்லச்சு:
ஒரு படத்திடம் நீங்கள் எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். தன் அரசின் போரை எதிர்த்து மக்களைத் திருப்பியதே பெரிய காரியம். எதிரிக்கு முகம் கொடுப்பது இன்றைய எதிர்பார்ப்பு, 1885இல் எந்த நாட்டுக் கேலிச்சித்திரம் அதைச் செய்தது? டோங்கின் போரை நிறுத்தியதில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அல்லி:
போர் நின்றது, டோங்கின் பிரான்ஸ் கையிலேயே நின்றது. 1885 ஜூன் 9 தியன்ஜின் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

16 ஜனவரி 1898 பெத்தி ஜூர்னால் இணைப்பில் ஆன்ரி மேயர் வரைந்த வண்ணப் படத்துக்கு வாருங்கள், பாடநூல்களில் எல்லோரும் பார்த்தது. சீனா என்று எழுதிய அப்பம். மேசையைச் சுற்றி விக்டோரியா ராணி, ஜெர்மன் கைசர், ரஷ்ய ஜார், பிரான்சை உருவகிக்கும் பெண்ணான மரியான், ஜப்பானிய சாமுராய். பின்னால் நீள நகம் கொண்ட சீன அதிகாரி இரண்டு கையையும் தூக்கிக் கத்துகிறார், அவ்வளவுதான் அவரால் முடிகிறது. அந்தப் பத்திரிகை பத்து லட்சம் பிரதி அளவில் விற்ற காலம், ஷாரிவாரி போல ஒரு சிறு வட்டம் இல்லை. இதைப் பேராசையைக் கண்டிக்கும் படம் என்கிறார்கள். மரியானை மட்டும் பாருங்கள். வெட்டுவதில் அவள் சேரவில்லை. ஜாரின் தோள் பக்கம் நின்று பார்க்கிறாள். மற்றவர்கள் வெட்டுகிறார்கள், நாம் கூட்டாளி ரஷ்யாவுக்குத் துணையாக நிற்கிறோம் என்பதுதான் அந்தப் படம் தன் வாசகருக்குச் சொன்னது.

கடல்நண்டு:
படம் ஜனவரி. அதே 1898 ஏப்ரலில் பிரெஞ்சுக் கப்பற்படை தென்சீனாவின் குவாங்சோவானில் இறங்கியது. மே மாதம் 99 ஆண்டுக் குத்தகை.

கல்லச்சு:
மேயர் ஏப்ரலை முன்கூட்டியே எப்படி அறிவார்? அவர் வரைந்த நாளில் சீனக் கடற்கரையின் கியாவோசோவும் போர்ட் ஆர்தரும்தான் செய்தி, ஒன்றில் ஜெர்மனி, மற்றதில் ரஷ்யா. இருந்தாலும் மரியானைப் பற்றி அல்லி சொன்னது எனக்கும் உறைக்கிறது. அதை மேயரின் கணக்கில் எழுதுங்கள், மறுக்க மாட்டேன். டோமியேயின் கணக்கில் எழுதாதீர்கள். ஒருவர் சிறைக்குப் போனவர், மற்றவர் பத்து லட்சம் வீடுகளுக்குப் பிடித்ததை வரைந்தவர்.

நாற்சந்தி:
டோமியே சிறைக்குப் போனது லூயி பிலிப்பை வரைந்ததற்காக. சீனனை வரைந்ததற்காக யாரும் போகவில்லை. 1858 முதல் 1860 வரை வந்த அந்தப் படங்களில் பிரெஞ்சுப் படையையோ பேரரசரையோ குத்தும் ஒரே ஒரு படத்தை இங்கே போட்டு, எந்த இடத்தில் குத்துகிறது என்று காட்டுங்கள் கல்லச்சு, அதிலிருந்து மேலே பேசுவோம்.