வீட்டு ரிப்பேரின்போது எதிர்ப்பட்ட மனிதர்கள்: உங்களுக்கு மறக்காத ஒன்றைச் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டைக்காரன்

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வீட்டுச் சுவரெல்லாம் எப்படி இருந்தது என்று புதுச்சேரியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, தெருத் தண்ணீர் நடைவரை வந்து வடிந்தது. அது முடிந்த கதை. அடுத்த கோடையில் கூடத்துச் சுவர் இடுப்பு உயரத்துக்குப் பொரிந்து கொட்ட ஆரம்பித்ததுதான் விஷயம். தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், அதன் மேல் யாரோ எப்போதோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஆள் வைத்துப் பூசியது ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை என்பதால் இந்தத் தடவை நானே சுத்தியலும் பட்டித் தகடுமாக உட்கார்ந்துவிட்டேன்.

வாசல் கதவு திறந்திருந்தது. தெருவோடு போன பெரியவர் ஒருவர், எழுபது தாண்டியிருக்கும், "குடிக்கத் தண்ணி கெடைக்குமா தம்பி?" என்று நின்றார். சொம்பை வாங்கிக் குடித்தார். நான் கூப்பிடாமலே உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். பூத்திருந்த வெள்ளைத் தூளை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"இது மேலேர்ந்து எறங்குற தண்ணி இல்ல. தரையிலேர்ந்து ஏறுது. நீ மூடிக்கினே போனா அது ஏறிக்கினே போவும். செமெண்ட்ட எல்லாம் தட்டிட்டு செவுத்த வெயில் காலம் முழுக்கச் சும்மா உடு."

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். போகிற போக்கில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனவர் மூலைக்குப் பக்கத்தில் நின்று, "இங்க ஒரு மாடம் இருந்துச்சே, அடைச்சிட்டாங்களா?" என்றார். ஏற்கெனவே பார்த்தவர் மாதிரி. கூலி மாதிரி ஏதாவது கொடுக்கலாம் என்று நான் உள்ளே போய் வருவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார். சாயங்காலம் அங்கே தட்டினேன். அரைச் செங்கல் வைத்து அடைத்த மாடம். உள்ளே ஒரு செத்த பேட்டரி கட்டையும் உடைந்த பல்பு ஹோல்டரும். புதையல் ஒன்றும் இல்லை, கேட்காதீர்கள். அவர் இந்த வீட்டில் வேலை பார்த்தவரா, இல்லை இருந்தவரா? கேட்டிருக்கலாம். அதுதான் உறுத்துகிறது.

மஞ்சக்குப்பம்

எங்களுடையது தானே புயல் சமயத்தில் நடந்தது. 2011 டிசம்பர் 30. கடலூர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கரண்ட் இல்லாமல் மெழுகுவத்தியிலேயே பொங்கல் வந்துவிடும் போலிருந்தது. கடைசியில் ஒரு நாள் முன்னிரவில் தெருவே கத்தியது, கரண்ட் வந்துவிட்டது. எல்லாரும் இருக்கிற சுவிட்சை எல்லாம் போட்டோம்.

எங்கள் கூடத்துக் குண்டு பல்பு வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தது. நாங்கள் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர் வீட்டு அம்மா, அறுபது வயசு, நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். கையில் துடைப்பக் கட்டை. "வழிய உடுங்க" என்று எங்களைத் தள்ளிவிட்டு வராண்டாவில் இருந்த பழைய மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கட்டையாலேயே கீழே இறக்கினார். "ஃபேன் சத்தம் மாறிச்சே, யாரு காதுலயும் விழலையா?" அவ்வளவுதான். பதில் சொல்வதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்புறம் தெரிந்தது, எங்கேயோ நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பி, அறுந்திருக்கிறது. எதிர் வரிசை வீடுகளில் பல்பு மங்கல், எங்கள் வரிசையில் பளீர். 230 வோல்ட்டுக்குச் செய்த சாமானில் 400 வரை ஏறலாமாம். மூன்றாம் வீட்டில் டிவியிலிருந்து புகை வந்தது, எங்கள் டிவி தப்பித்தது. அந்த அம்மாவை நாங்கள் வம்புக்காரி என்று எங்களுக்குள் பேசிச் சிரித்த காலம் அது. ஒருநாளும் அவர் அதைப் பற்றித் திரும்பப் பேசவில்லை. எங்கே கற்றுக்கொண்டார் என்றும் சொல்லவில்லை.

சிவில்_புதுவை

முதல் பதிவுக்காரருக்கு. பெரியவர் சொன்ன ஈர விஷயம் சரி. மாட விஷயத்தை மாயாஜாலம் மாதிரி எழுதியிருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. பழைய வீட்டில் மாடம் எங்கே வரும் என்று அந்தக் காலத்துக் கொத்தனார் யாருக்கும் தெரியும். வாசக்காலுக்கு இரண்டு பக்கம், இல்லையென்றால் சாமி அறைச் சுவர். தட்டினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

சுவரை நாக்கில் வைத்துப் பார்ப்பதை யாரும் பின்பற்ற வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமா, ஒரு சாண் பாலிதீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். துண்டின் வெளிப்பக்கம், அறையைப் பார்த்த பக்கம், நீர் முத்துக் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் கோத்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. அப்படி இருந்து, தரையை ஒட்டிய பட்டை மட்டும் ஈரமாக இருந்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது. நடுச்சுவரில் திட்டாக இருந்தால் பின்னால் குளியலறைக் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள்.

செங்கலும் சுண்ணாம்பும் தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் உலர வழியில்லாமல் தண்ணீர் இன்னும் மேலே ஏறி எங்கே திறப்பு கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிப் படிகமாகும், அந்தப் படிகம்தான் பூச்சைத் தள்ளுகிறது. அதனால் ஈரக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை சிமெண்டை எடுத்துவிட வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி முறத்தில் அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்புக் காரை பூசி, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் கூடாது. புதுச்சேரியில் இந்த வேலை தெரிந்த கை இன்னும் இருக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கிற இன்டாக் மாதிரி அமைப்புகள் பழைய வீடுகளைச் சுண்ணாம்பிலேயே புதுப்பித்து வருவதால் அந்தத் தொழில் அற்றுப்போகவில்லை.

கான்கிரீட் கூரைக்காரர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கடல் காற்று உப்பு உள்ளே போய்க் கம்பி துருப் பிடிக்கும், துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், காரை விழும். விழுந்த இடத்தில் பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடிப்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. கம்பியின் முதுகுப் பக்கம் தெரியும் வரை கொத்தி, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவை வைக்க வேண்டும். கம்பி இளைத்துப் போயிருந்தால் கையே வைக்காதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

என் அனுபவமா? அரியாங்குப்பம் பக்கம் ஒரு வீட்டுக் கூரையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். காரை விழுந்திருந்தது தொட்டிலில். குழந்தை அப்போது பாட்டி மடியில் இருந்திருக்கிறது. நான் வந்து பார்க்கும்வரை தொட்டில் துணியிலிருந்து அந்தக் காரையை யாரும் எடுக்கக் கூடாது என்று பாட்டி காவலுக்கு உட்கார்ந்திருந்தார். நான் பேச வாயெடுத்ததும், "மொதல்ல இதத் தூக்கிப் பாரு" என்றார். தூக்கினேன். கனம்.

லாஸ்பேட்டை வாடகை

சிவில் சார், கடைசிப் பாராவை முதலில் எழுதியிருக்கலாம்.

என் கதை ஆணி பற்றியது. வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு. பரணும் கிடையாது. அதனால் சமையலறையில் எல்லாம் கதவுக்குப் பின்னால் தொங்கும் பை, ஜன்னல் கம்பியில் எஸ் கொக்கி, கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த பலகை என்று சுவரைத் தொடாமலே குடித்தனம் நடத்தினேன். ஆனாலும் சில ஆணி தவிர்க்க முடியாது. காலி செய்வதற்கு முன்னால் எல்லா ஓட்டையையும் ஒயிட் சிமெண்ட் பட்டியால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுவர் கலரைத் தொட்டுவிட்டேன். எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாத அளவுக்கு.

சாவி வாங்க வீட்டுக்காரரின் அம்மா வந்தார். கையில் டார்ச். ஒவ்வொரு அறையாகச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். என் கணவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், அட்வான்ஸ் போச்சு. கூடத்தில் ஓர் இடத்தில் கை நின்றது. "இங்க இருந்த ஆணி எங்க?"

நாங்கள் அடித்தது இல்லை, நாங்கள் வரும்போதே துருப் பிடித்து இருந்தது என்றேன். "தெரியும். அவரு அடிச்சது. அவரு படத்த அதுலதான் மாட்டியிருந்தேன். ஆணி எங்கன்னுதான் கேக்குறேன்."

எதையும் தூக்கிப் போடாத புத்தி அன்றைக்குக் கை கொடுத்தது. ஆணி, ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் போட்டு வைக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில் ஏற்கெனவே மூட்டை கட்டி வண்டியில் ஏறியிருந்தது. இறக்கி, தரையில் கொட்டித் தேடினோம். நாலு அங்குல ஆணி, தலை நசுங்கியது. அவரே எடுத்து, "இதுதான்" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். மற்ற சுவரைப் பார்க்கவே இல்லை. படம் மாட்டின ஆணி என்று யார் நினைப்பார்கள் சொல்லுங்கள்.

ஓட்டி வாசி

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் படகு வேலை பார்த்த ஒரு தச்சர். எங்கள் கொல்லைக் கதவு நிலையின் கால் கரையான் அரித்து உளுத்துவிட்டது. அரித்ததை வெட்டி எடுத்து அதே அளவுக்கு வேறு கட்டை செருகலாம் என்று நானே அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "கட்டைய வெச்சிக்கோ, அடி வாயில எண்ணெ காட்டாம வெக்காத" என்றார். மரத்தின் குறுக்கு வெட்டு வழியாகத்தான் தண்ணீர் குடிக்குமாம். பலகையின் முகத்தில் எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் அடிவாயை விட்டால் வீண்.

மறுநாள் ஒரு டப்பாவில் முந்திரிக் கொட்டை எண்ணெய் கொண்டு வந்தார். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கிற இடங்களில் வருவது, படகுப் பலகைக்குப் பூசுவது. கறுப்பாக, பிசுபிசுவென்று. நான் கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் இன்னொரு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் கறுத்து, தடித்து, ரேகையே தெரியவில்லை. "தேங்கா எண்ணெ தடவிக்கினுதான் தொடுவேன். அப்பிடியும் இது." ஒரு சொட்டுகூட என்னைத் தொட விடவில்லை. எல்லாம் அவரே பூசினார். அந்த உள்ளங்கை கண்ணிலேயே நிற்கிறது.

பால்வால்வு

கரையானுக்கு இப்போது கடையில் மருந்து விற்கிறதே, கையைப் புண்ணாக்கிக்கொள்ளும் எண்ணெய் எதற்கு?

நம்ம கதை சின்னது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹார்ட்வேர் கடை. புதுக் குழாய் வாங்கப் போனேன். கடைக்காரர், "பழசு எங்க?" என்றார். காட்டினேன். பிரித்து, வாஷரை மாற்றி, மாட்டி, வாயால் ஊதிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். புதுக் குழாய் தர மாட்டேன் என்றே சொல்லிவிட்டார். வியாபாரி அப்படி இருப்பாரா? இருந்தார்.

ஆனால் ஒன்று, திரும்ப மாட்டும்போது டெஃப்லான் டேப்பை நிறையப் பேர் தப்பாகச் சுற்றுகிறார்கள். மரைப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்படி குழாயைப் பிடித்து, கடிகார முள் போகிற திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் குழாயைத் திருக்கும்போது டேப் பிரிந்து சுருண்டு வந்துவிடும், கசியும், அப்புறம் குழாய் மேல் பழி. முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் துணுக்கு உள்ளே போய் அடைக்காது. பிளாஸ்டிக் மரை என்றால் பைப் ரிஞ்ச் வைத்து முறுக்காதீர்கள், கை இறுக்கமும் அதற்கு மேல் கொஞ்சமும் போதும். வெடித்தால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். மாட்டுவதற்கு முன் மேல் தொட்டி வால்வை மூட வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்தானே.

முத்தியால்பேட்டைக்காரன்

சிவில் சார், மாடம் வாசக்கால் பக்கத்திலும் இல்லை, சாமி அறையிலும் இல்லை. மூலைக்குப் பக்கத்தில் என்று எழுதியிருந்தேனே, கூடத்து மூலை. அங்கே எதற்கு மாடம் என்று எங்கள் அம்மாவுக்கே தெரியவில்லை. உப்பைக் கழுவக் கூடாது என்ற தகவலுக்கு நன்றி, பக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

சிவில்_புதுவை

கூடத்து மூலை என்றால் அங்கே முன்னால் ஒரு கதவு இருந்து அடைத்திருப்பார்கள். தரையில் பழைய வாசற்படிக் கல் தெரிகிறதா பாருங்கள்.

ஓட்டி வாசி

@பால்வால்வு அந்த நிலை இன்னும் நிற்கிறது. வந்து பாருங்கள்.

மஞ்சக்குப்பம்

@லாஸ்பேட்டை வாடகை அட்வான்ஸ் என்ன ஆச்சு, அதைச் சொல்லவே இல்லையே?

லாஸ்பேட்டை வாடகை

வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆணிக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.