சவ்வு இறுகுகிறது, கிட் பூஜ்யம் காட்டுகிறது: என்ட்-கொலஸ்ட்ரால் உள்ளே போனதா இல்லையா?

கேள்வி கேட்டவர்:
வணக்கம். மூன்று வாரமாக இதே இடத்தில் நிற்கிறேன். வளர்ப்புச் செல்களில் இருக்கும் கொலஸ்ட்ராலை மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் (கொலஸ்ட்ராலைக் கவ்வி எடுக்கவும் ஏற்றவும் உதவும் வளைய மூலக்கூறு) போட்டு உருவி எடுத்துவிட்டு, அதன் ஆடிப் பிம்பமான என்ட்-கொலஸ்ட்ராலை ஏற்றினேன். இயல்பான கொலஸ்ட்ராலைத் திரும்ப ஏற்றிய தட்டுக் குழிகளில், கொலஸ்ட்ராலை அளக்கும் கிட்டின் இளஞ்சிவப்பு பளிச்சென்று வருகிறது. என்ட் ஏற்றிய குழிகளோ எதுவும் ஏற்றாதவை போல வெளிறிக் கிடக்கின்றன. ஆனால் சவ்வின் இறுக்கத்தைக் காட்டும் லாரடான் சாயம் போட்டுப் பார்த்தால் இரண்டிலும் சவ்வு ஒரே மாதிரி இறுகியிருக்கிறது. எதை நம்புவது?

பதில் 1:
லாரடானை நம்புங்கள். அந்த இளஞ்சிவப்பு எப்படி வருகிறது? கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் என்ற நொதி கொலஸ்ட்ராலை ஆக்சிஜனேற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவருகிறது. அதை வைத்துப் பெராக்சிடேஸ் சாயத்தை நிறமாக்குகிறது. நொதியில் கொலஸ்ட்ரால் போய் உட்காரும் குழி வலது கால் செருப்பு மாதிரி. என்ட்டில் 8 கைரல் மையங்களும் (இடது-வலது வேறுபாடு உள்ள கார்பன்கள்) புரண்டிருக்கின்றன, அது இடது கால். எவ்வளவு இருந்தாலும் கிட்டின் கண்ணுக்குப் படாது.

சவ்வு அவ்வளவு கறார் பார்ப்பதில்லை. தட்டையான, விறைப்பான வளையங்கள், ஒரு முனையில் ஹைட்ராக்சில், மறுமுனையில் வால். இவை இருந்தால் பக்கத்துக் கொழுப்பமிலச் சங்கிலிகள் நிமிர்ந்து நெருங்கிவிடும். சவ்வின் முக்கியக் கொழுப்பான பாஸ்போலிப்பிட்டும் கைரல்தான், அதனால் கொஞ்சம் வித்தியாசம் வர இடமுண்டு. அளந்து பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் மிகச் சிறிய வித்தியாசமே கிடைத்திருக்கிறது.

பதில் 2:
அதற்கு முன்னால் புட்டியைச் சரிபாருங்கள். எபிகொலஸ்ட்ராலை ஆடிப் பிம்பம் என்று நினைத்து நான் இரண்டு மாதம் வீணடித்தேன். அதில் 3-ஆம் கார்பன் மட்டும்தான் புரண்டிருக்கும். அதையும் ஆக்சிடேஸ் தொடாது, ஆகவே கிட்டில் இதே பூஜ்யம்தான் வரும். ஆனால் ஹைட்ராக்சில் வேறு பக்கம் திரும்பியிருப்பதால் சவ்வை இறுக்குவதில் அது கொலஸ்ட்ராலுக்கு ஈடாகாது.

போலரிமீட்டரில் (ஒளித்தளம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி) போடுங்கள். குளோரோஃபார்மில் இயல்பான கொலஸ்ட்ரால் சுமார் −39 பாகை. என்ட் என்றால் அதே எண், கூட்டல் குறியோடு. என்எம்ஆர் (காந்தப்புலத்தில் அணுக்களைப் பார்க்கும் முறை) இந்த இரண்டையும் பிரிக்காது, எபியை மட்டும் காட்டிக்கொடுக்கும்: 3-ஆம் கார்பனின் ஹைட்ரஜன் 3.5 பிபிஎம்மில் இல்லாமல் 4.0 பக்கம் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன், +38.6. என்எம்ஆரில் 3.5. மனசு கொஞ்சம் ஆறியது. உள்ளே போன அளவை எப்படிச் சொல்வது?

பதில் 1:
லிப்பிடைப் பிரித்தெடுத்து, எளிதில் ஆவியாகச் சிலைல் ஏற்றி, ஜிசி-எம்எஸ்ஸில் (ஆவியாக்கிப் பிரித்து மூலக்கூறின் எடை பார்க்கும் கருவி) ஓட்டுங்கள். கொழுப்பமிலத்தோடு கட்டுண்ட கொலஸ்ட்ரால் எஸ்டரை உடைக்க வேண்டாம், கிட்டிலும் அதை உடைக்கும் எஸ்டரேஸ் நொதியைச் சேர்க்காதீர்கள். சாதாரண ஜிசி பிரிப்புக் குழாயில் (column) இயல்பானதும் என்ட்டும் ஒரே நேரத்தில்தான் வெளிவரும், எனவே கிடைப்பது மொத்தம். அதிலிருந்து கிட் எண்ணைக் கழித்தால் என்ட். இடையில் ஒரு சோதனை: தெரிந்த அளவு இயல்பான கொலஸ்ட்ராலோடு என்ட்டையும் கலந்து கிட்டில் போடுங்கள். எண் குறைந்தால் என்ட் நொதியை மறிக்கிறது, கழித்தல் கணக்கு செல்லாது.

சைக்ளோடெக்ஸ்ட்ரினும் குளுக்கோஸால் ஆன கைரல் பொருள். இரண்டையும் ஒரே அளவு ஏற்றும் என்று எடுத்துக்கொள்ளாமல் தனித்தனியே அளந்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி! கலந்து போட்டதில் எண் குறையவில்லை. ஜிசியில் என்ட் செல்களின் மொத்தம் இயல்பான செல்களோடு ஒட்டி வருகிறது. இனி பொட்டாசியம் சானலுக்குப் (சவ்வில் பொட்டாசியத்தைக் கடத்தும் புரதம்) போகிறேன். இயல்பான கொலஸ்ட்ரால் அதன் மின்னோட்டத்தை அடக்குகிறது. என்ட்டும் அடக்கினால் காரணம் சவ்வின் இறுக்கம், அடக்காவிட்டால் கொலஸ்ட்ரால் சானலையே பிடிக்கிறது. சரிதானே?

பதில் 2:
பெரும்பாலும் சரிதான். கேஐஆர் 2.1 என்ற பொட்டாசியம் சானலில் என்ட் அடக்காது என்று ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். அதையும் கூடவே ஓட்டுங்கள், ஒப்பிட ஆகும்.